காதலில் தேறினால் கடவுள்

நம் வீடுகளில் பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பார்கள். தேனோ சர்க்கரைத் தண்ணீரோ, நல்ல மனசுக்காரர் ஒருவர் கையால் நாக்கில் ஒரு சொட்டு. 'ஆஷஸ் ஆஃப் லவ்' என்ற சீனத் தொடரின் தொடக்கத்தில் பூக்களின் தேவதை தன் மகளின் வாயில் வைப்பது ஒரு மாத்திரை. காதலித்து ஏமாந்து உடைந்துபோனவள் அவள். பிரசவித்த கையோடு சாகப் போகிறாள். தன் கதி மகளுக்கு வரக் கூடாது என்று, காதல் என்ற உணர்வே எழவிடாத 'யுன்தான்' மாத்திரையை ஊட்டிவிட்டுக் கண்ணை மூடுகிறாள். அந்தக் குழந்தைதான் நாயகி ஜின்மி. 63 அத்தியாயங்கள் ஓடும் காதல் தொடர், அதன் நாயகிக்குக் காதலிக்கவே வராது!

இந்தத் தொடர் 2018-இல் வந்தது. ஒரு விடுமுறையில் ஆங்கில சப்டைட்டிலோடு நான் இதை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பூ தொடுத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அவ்வப்போது கதையும் சொல்வேன். நெருப்புக் கடவுள் இப்போது மனிதனாகப் பிறக்கப் போகிறார், அது அவருக்கு ஒரு சோதனை, கடந்து வந்தால் தவவலிமை கூடும் என்று சொன்னதும் அம்மா கேட்டார்: "ஏன்டீ, இந்த சாமிங்கல்லாம் எப்பப் பாரு பரீட்சை எழுதிக்கிட்டே இருக்காங்க? வேற வேலையே இல்லையா?"

அன்றைக்குச் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு, கடவுள்களும் காதலுமாக ஓடும் இந்த 'ஷியென்ஷியா' வகைத் தொடர்கள் ஒரு டஜனாவது பார்த்திருப்பேன். அம்மா போகிற போக்கில் சொன்னதுதான் இவற்றுக்கான சாவி என்று இப்போது படுகிறது.

முதலில் பெயரைப் பார்த்துவிடலாம். வாள் வீரர்களின் கதைக்குச் சீனத்தில் 'வூஷியா' என்று பெயர். அந்த வீரர்கள் எவ்வளவு உயரம் தாவினாலும் மனிதர்கள்தான். 'ஷியென்ஷியா' அதிலிருந்து கிளைத்த வகை. இங்கே வாள் பிடிப்பவர்கள் 'ஷியென்', அதாவது சாவைக் கடந்தவர்கள். அந்தச் சொல்லுக்கான சீன எழுத்தில் இடப்பக்கம் மனிதன், வலப்பக்கம் மலை. ஊரை விட்டு மலையேறிப் போய், மூச்சை அடக்கி, மருந்து காய்ச்சி, உடம்பையே மாற்றிக்கொண்டவர். நமக்குச் சித்தர்களும் காயகற்பமும் நினைவுக்கு வரும். ஆகவே இதைப் புரிந்துகொள்வது தமிழ் வாசகருக்குக் கஷ்டமே இல்லை. (போகர் சீனத்திலிருந்து வந்தவர் என்ற கதையை இங்கே இழுக்க ஆசைதான். வேண்டாம், அது தனிப் பஞ்சாயத்து.)

சீனத்தின் பழைய தாவோ சமய மரபின்படி, ஷியென் ஆக மனிதப் பிறவிதான் வேண்டும் என்பதில்லை. நரி, பாம்பு, பூ, கல் எதுவாக இருந்தாலும் நூறு, ஆயிரம் வருஷம் தவம் செய்தால் உருவம் கிடைக்கும், அப்புறம் ஆற்றல் கிடைக்கும். தொடர்களில் இது அலுவலகப் பதவி வரிசை போலவே இருக்கிறது. சாதாரண ஷியென், அதற்கு மேலே 'ஷாங்ஷியென்', அதற்கும் மேலே 'ஷாங்ஷென்'. ஒரு படி ஏற வேண்டுமென்றால் ஒரு 'ஜியே' கடக்க வேண்டும்.

இந்த 'ஜியே' என்ற சொல் நம் பக்கத்திலிருந்து போனது. பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள் வடமொழிக் 'கல்ப'த்தை 'ஜியேபோ' என்று ஒலிபெயர்த்தார்கள். அது சுருங்கி 'ஜியே' ஆனது. நாம் கற்பகோடி காலம் என்கிறோமே, அதே கற்பம்தான். ஊழிக்காலத்தின் முடிவில் உலகம் தீயிலும் வெள்ளத்திலும் அழியும் என்பதால், காலத்தைக் குறித்த சொல் மெல்ல அழிவையும் ஆபத்தையும் குறிக்கத் தொடங்கியது. இன்றைய தொடர்களில் அது தனி ஒருவருக்கு வரும் கண்டம். இடி விழுந்தால் இடிக் கண்டம். காதல் வந்தால் காதல் கண்டம், 'ச்சிங் ஜியே'. இரண்டும் ஒரே பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள்.

இப்படிப் போனவை இன்னும் உண்டு. யமராஜன் அங்கே 'யன்லுவோ' அரசன். சக்கரத்தில் ஏறிப் பறக்கும் குட்டிப் பையன் நேஜாவின் பெயருக்கு மூலம் நம் நளகூபரன், குபேரனின் மகன். அங்கே நேஜாவின் அப்பாவாக வரும் கோபுரம் ஏந்திய தளபதியின் பின்னால் இருப்பதும் குபேரன் உருவம்தான் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதனால்தான் சீனத் தொடர் பார்க்கும்போது வேற்று வீட்டில் நம் வீட்டுப் பாத்திரத்தைப் பார்த்த மாதிரி இருக்கிறது. பாத்திரம் அதே, சமையல் வேறு. நம் புராணங்களில் தேவர்கள் மண்ணுக்கு வருவது பெரும்பாலும் சாபத்தால். யாரோ ஒரு முனிவருக்குக் கோபம் வந்திருக்கும். சீனத் தொடர்களில் கோபக்கார முனிவருக்கு வேலையில்லை. கீழே அனுப்புவது ஒரு நடைமுறை. கோப்பு இருக்கும், தேதி இருக்கும், விதியை எழுதுகிற 'சிமிங்' என்ற அதிகாரி இருப்பார். இந்த சிமிங் தொடர்காரர்கள் கற்பித்த ஆள் இல்லை. 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய ச்சூ நாட்டுப் பாடல்களிலேயே ஆயுளைக் கணக்கிடும் தெய்வமாக வருபவர்.

மேலுலகம் ஏன் இப்படி ஓர் அலுவலகம் மாதிரி இருக்கிறது? கீழே அரசு அப்படி இருந்ததால்தான். சுய் வம்ச காலத்தில் தொடங்கி 1905 வரை, ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் அரசு வேலைக்குப் போட்டித் தேர்வு நடத்திய நாடு அது. ஒரு கிராமத்துப் பையன் தலைமுறை தலைமுறையாகக் கனவு கண்டது தேர்வில் முதலிடம் வாங்குவதைத்தான். அந்த மக்கள் கற்பனை செய்த சொர்க்கத்தில் தேர்வு இல்லாமல் இருக்குமா?

சரி, இடி விழுந்து தாங்குவது தேர்வு என்றால் புரிகிறது. காதல் எப்படித் தேர்வானது? 5-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட பிரமுகர்களின் துணுக்குக் கதைகள் கொண்ட ஒரு நூலில் இதற்கு வேர் இருக்கிறது. மூங்கில் தோப்பு எழுவர் என்று பேர்பெற்ற அறிஞர்களில் ஒருவரான வாங் ரோங், மகனை இழந்து கதறிக்கொண்டிருக்கிறார். துக்கம் விசாரிக்க வந்தவர், கைக்குழந்தைக்குப் போய் இவ்வளவு அழலாமா என்கிறார். வாங் ரோங் பதில் சொல்கிறார்: ஞானி உணர்வை மறந்துவிடுகிறான்; கடைமட்டத்தில் இருப்பவனுக்கு உணர்வு எட்டுவதே இல்லை; உணர்வு வந்து குவிகிற இடம் நம்மைப் போன்றவர்கள்தான்.

எனக்கு மிகவும் பிடித்த பதில் இது. ஷியென்ஷியாவின் மொத்தச் சிக்கலும் இதற்குள் இருக்கிறது. மேலே போக வேண்டுமென்றால் உணர்வை விட வேண்டும். ஆனால் உணர்வே எட்டாதவன் கடைமட்டத்து ஆள். அப்படியென்றால் முதலில் உணர வேண்டும், உணர்ந்து நொறுங்க வேண்டும், அப்புறம்தான் விடுவதற்கே ஏதாவது இருக்கும். காதலிக்காமலே ஞானியாகிவிட்டேன் என்று சொன்னால் அது தேர்வு எழுதாமலே பட்டம் வாங்கியது போலத்தான்.

இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் தொடர்கள் வரிசையாகத் திறந்துகொள்கின்றன. ஜின்மிக்கு மாத்திரை. 2020-இல் வந்த 'லவ் அண்ட் ரிடெம்ப்ஷன்' நாயகி ஷுவான்ஜி ஆறு புலன்கள் இல்லாமலே பிறந்தவள். அடித்தால் வலிக்காது, சோற்றில் ருசி தெரியாது, ஒருவன் தன்மேல் உயிரையே வைத்திருப்பதும் உறைக்காது. 2022-இன் 'லவ் பிட்வீன் ஃபேரி அண்ட் டெவில்' நாயகன் தோங்ஃபாங் ச்சிங்சாங்குக்கு அவன் அப்பாவே ஏழு உணர்ச்சிகளையும் அழித்துவிட்டார். 2023-இன் 'டில் தி எண்ட் ஆஃப் தி மூன்' நாயகன் தாந்தாய் ஜின் காதல் இழை இல்லாமல் பிறந்தவன். நான்கு கதை, நான்கு எழுத்தாளர்கள், ஒரே ஊனம். சோம்பேறித்தனம் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. கடைமட்டத்திலிருந்து தொடங்கினால்தான் தேர்வு முழுசாக நடக்கும்.

ஜின்மி கதையில் இது கொடூரமாக நடக்கிறது. தன் அப்பாவைக் கொன்றது நெருப்புக் கடவுள் ஷுஃபெங்தான் என்று தவறாக நம்பி, வேறொருவனோடு நடக்கவிருந்த தன் கல்யாணத்தன்று ஷுஃபெங் உடம்பில் கத்தியை இறக்குகிறாள். அவனைக் குத்திய அந்த நிமிஷத்தில் இவளுக்குள் இருக்கும் மாத்திரை உடைந்து வெளியே வருகிறது. அதுவரை தேங்கியிருந்த காதல் மொத்தமும் ஒரே மூச்சில் வந்து அறைகிறது. இதைவிடப் பெரிய கொடுமையை ஒரு கதாசிரியர் யோசிக்க முடியுமா தெரியவில்லை. காதல் துயரம் வரக் கூடாது என்று அம்மா கொடுத்த மாத்திரைதான் அந்தத் துயரத்தையே வரவைத்தது. எட்டாவது பிள்ளைக்குப் பயந்து தங்கையையே சிறையில் போட்ட கம்சன் கதையும் இதே கணக்குதான்.

இந்த வகைத் தொடர்களுக்கு ஒரு பெரிய அலை கிளப்பியது 2017-இன் 'எட்டர்னல் லவ்'. அதற்கு முன்பும் இருந்தன. தைவானில் 1995-இல் வந்த ஒரு கணினி விளையாட்டை வைத்து 2005-இல் எடுத்த 'சைனீஸ் பாலடின்' பலருக்கு முதல் காதல். 2015-இன் 'ஜர்னி ஆஃப் ஃப்ளவர்' அடுத்தது. ஆனால் மூன்று பிறவி, பீச் பூ, வெள்ளை உடை, கண்ணைக் கட்டிய பட்டுத்துணி என்று இன்று நம் கண்ணுக்குள் வரும் படம் 'எட்டர்னல் லவ்' வரைந்தது. யாங் மி நடித்த நாயகி பாய் ச்சியென், ச்சிங்ச்சியூவின் ஒன்பது வால் நரி, வயது 1,40,000. நாயகன் யே ஹுவாவுக்கு 50,000 சொச்சம். தொண்ணூறாயிரம் வயது வித்தியாசம் என்றதும் ஜாதகப் பொருத்தம் பார்க்கும் அம்மா மாலையைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த நரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். 'மலை கடல் நூல்' என்று ஒரு பழைய சீன நூல் உண்டு. எந்த மலையில் என்ன விலங்கு, அதைத் தின்றால் என்ன ஆகும் என்று பட்டியல் போடும். அதில் ச்சிங்ச்சியூ மலையில் ஒன்பது வால் கொண்ட நரி போன்ற மிருகம் இருக்கிறது, குழந்தை அழுவது போல் கத்தும், மனிதனைத் தின்னும் என்று இரண்டு வரி. அவ்வளவுதான். ஹான் காலச் சிற்பங்களில் அதே நரி மேற்குத் திசை அரசி அன்னை என்ற தெய்வத்தின் பக்கத்தில் மங்கலச் சின்னமாக நிற்கிறது. மிங் காலத்துப் புராண நாவலில் அது தாஜி என்ற அழகியின் உடம்பில் புகுந்து ஷாங் பேரரசையே கவிழ்க்கிறது. பிறகு பூ சொங்லிங், 1640-இல் பிறந்து கடைசிவரை தேர்வில் உருப்படியாகத் தேறாத பள்ளி ஆசிரியர், நரிப் பெண்களைத் தன் கதைகளில் வேறு மாதிரி எழுதினார். ஏழை மாணவன் ராத்திரி தனியாகப் படித்துக்கொண்டிருப்பான், கதவைத் தட்டி ஓர் அழகி வருவாள், அவள் நரி. தேர்வில் தோற்றவரின் கனவு அது என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

கவனித்தீர்களா, இவ்வளவு நேரமும் நரி அடுத்தவர் கதைக்குள்தான் வந்து போகிறாள். ராஜாவின் கதை, மாணவனின் கதை. அவளே கதையானது இணைய நாவல்களில்தான். 2003-இல் தொடங்கிய ஜின்ஜியாங் என்ற தளத்தில் எழுதியவர்களும் படித்தவர்களும் பெரும்பாலும் இளம்பெண்கள். ஒவ்வொரு நாளும் ஒரு அத்தியாயம், கீழே வாசகிகளின் சண்டை, மறுநாள் அடுத்தது. 'எட்டர்னல் லவ்' கதை அங்கிருந்துதான் வந்தது. அதன் மீது திருட்டுக் குற்றச்சாட்டும் உண்டு, ரசிகர்கள் இன்னும் அதைப் பற்றி அடித்துக்கொள்கிறார்கள். அதை விடுங்கள். மனிதனைத் தின்ற மிருகம் அங்கே வந்தபோது, நான்கு அண்ணன்களின் செல்லத் தங்கையாக, மது குடிப்பவளாக, குருகுலத்தில் ஆண் வேஷம் போட்டுப் படிப்பவளாக ஆகிவிட்டது. அவளுக்கு விழ வேண்டிய மூன்று இடிகளையும் குரு மோ யுவானே தன் முதுகில் வாங்கிக்கொள்கிறார். பரீட்சை ஹாலில் வாத்தியாரே வந்து விடை எழுதிக் கொடுத்த மாதிரி. அந்தக் கடன் அடுத்த எழுபதாயிரம் வருஷத்துக்கு அவளை விடவில்லை.

இனி என் புகாருக்கு வருகிறேன். பாய் ச்சியென் ஒரு போரில் நினைவும் ஆற்றலும் இழந்து சுசு என்ற சாதாரண மனுஷியாகிறாள். யே ஹுவா காதலிக்கிறான், மேலுலகத்துக்குக் கூட்டிப்போகிறான். அங்கே அவளுக்கு ஒருத்தரும் துணையில்லை. பொறாமைக்காரி சு ஜின் ஒரு நாடகம் போட்டுத் தன் கண் போனதற்கு சுசுதான் காரணம் என்கிறாள். தீர்ப்பு: சுசுவின் கண்களைப் பிடுங்கு. பிடுங்குவது யே ஹுவாவின் கை. இவளைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்று அவனுக்குள் ஆயிரம் நியாயம். அவளிடம் ஒன்றைக்கூடச் சொல்வதில்லை. பிள்ளை பெற்ற பிறகு, கண்ணில்லாமல், அவள் தேவர்களைத் தண்டிக்கும் மேடையிலிருந்து குதிக்கிறாள்.

இதுவரை நான் எந்தத் தொடரிலும் இப்படி அழுததில்லை. ஆனால் அடுத்து நடப்பதுதான் எனக்கு இன்றும் ஜீரணிக்கவில்லை. அவள் பாய் ச்சியெனாகக் கண் விழிக்கிறாள். நடந்ததெல்லாம் அவளுடைய காதல் கண்டமாம். தேறிவிட்டாள். இப்போது ஷாங்ஷென். வாழ்த்துகள்!

அவள் என்ன செய்கிறாள்? மறக்க மருந்து கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். பதவி உயர்வு கிடைத்தவள் செய்கிற வேலையா இது? அவளுக்குத் தெரிந்திருக்கிறது, தேர்வு என்று பெயர் வைத்துவிட்டால் கொடுமை செய்தவர்கள் எல்லோரும் மேற்பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள், யாரும் குற்றவாளி இல்லை. இந்த வகைத் தொடர்களின் பெரிய ஏமாற்று இங்கேதான் இருக்கிறது. 'ஜர்னி ஆஃப் ஃப்ளவர்' இன்னும் ஒரு படி மேலே போகும். அதில் குரு பாய் ஜிஹுவாவுக்கு, அவருடைய சிஷ்யைதான் அவருடைய உயிர்க் கண்டம் என்று தெரிகிறது. வழக்கப்படி அவளை அவர் கொன்றுவிட வேண்டும். அதாவது அவர் எழுதும் தேர்வின் வினாத்தாளே ஒரு பெண். எழுதி முடித்ததும் தாள் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. ஜாவ் லியிங் அந்தப் பெண்ணாக நன்றாகத்தான் நடித்திருந்தார். எனக்கு அந்தக் குருவை மன்னிக்க முடியவில்லை. மன்னிக்கச் சொல்லி ஐம்பது அத்தியாயம் வயலின் வாசித்தாலும் முடியாது.

இதனால்தான் 'லவ் பிட்வீன் ஃபேரி அண்ட் டெவில்' எனக்கு எல்லாவற்றுக்கும் மேலே. நாயகி ஷியாவ் லான்ஹுவா சாதாரண ஆர்க்கிட் தேவதை. விதி எழுதும் சிமிங்கின் மண்டபத்தில் கிழிந்த விதிப் புத்தகங்களை ஒட்டித் தைக்கும் வேலை. அவளும் ஒரு தேவலோகத் தேர்வுக்குப் போகிறவள்தான், படிப்பு கொஞ்சம் சுமார். தற்செயலாக அவளுக்கும் நிலாக் குலத்து அரக்க அரசன் தோங்ஃபாங் ச்சிங்சாங்குக்கும் உடம்பு மாறிப்போகிறது, கூடவே ஒரு மந்திரக் கட்டும் விழுகிறது: அவளுக்கு அடிபட்டால் அவனுக்கு வலிக்கும், அவள் அழுதால் அவன் கண்ணில் தண்ணீர் வரும். மூவுலகையும் நடுங்கவைத்தவன் ஏன் அழுகிறோம் என்று தெரியாமல் திருதிருவென்று முழிக்கும் காட்சியில், அவனாக நடித்த வாங் ஹெடி பிரமாதம். உணர்வைப் பிடுங்கி எறிந்த இடத்தில், அவன் மனசுக்குள் பட்டுப்போயிருந்த உணர்ச்சி மரம் துளிர்க்கிறது. இங்கே பாடம் படிப்பவன் அதிகாரம் இருப்பவன். வலியும் அவனுக்கே வருகிறது. சுசு கதையைத் திருப்பிப் போட்ட மாதிரி. 36 அத்தியாயம்தான், எங்கேயும் இழுக்கவில்லை.

நீளத்தைப் பற்றிச் சொல்வதென்றால், முன்பு 58, 59, 63 என்று போனவை பிறகு 40-க்குள் அடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. தொடர்கள் 40 அத்தியாயத்தைத் தாண்ட வேண்டாம் என்று சீன ஒளிபரப்பு நிர்வாகம் 2020 பிப்ரவரியில் அறிவுறுத்தியது. அரசாங்கம் கதையில் கை வைத்தால் எனக்குப் பிடிக்காது. இந்த ஒன்றில் மட்டும் மனசுக்குள் நன்றி சொன்னேன். மூடநம்பிக்கை பற்றிய கெடுபிடியை வைத்து அங்குள்ள ரசிகர்கள் சொல்லும் ஒரு கிண்டலும் உண்டு: 1949-இல் குடியரசு அமைந்த பிறகு எந்த விலங்கும் தவம் செய்து மனித உரு எடுக்கக் கூடாதாம். சட்டத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. ஆனால் இந்தக் கதைகள் ஏன் எந்த வம்சத்திலும் சேராத, வரைபடத்தில் இல்லாத உலகங்களில் நடக்கின்றன என்பதற்கு அந்தக் கிண்டல் ஓரளவு பதில்.

மற்றபடி குறைகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். முகத்தில் மாவு பூசினாற்போல் ஃபில்டர். சுற்றிச் சுற்றி மெதுவாக இறங்கிக் கண்ணோடு கண் பார்ப்பது. நடிகரின் வாய்க்கு வேறொருவர் குரல் கொடுப்பது அங்கே சகஜம், பழகிவிடும். கிராஃபிக்ஸ் டிராகனைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கப் பழகுவதுதான் கஷ்டம். 'டில் தி எண்ட் ஆஃப் தி மூன்' இதில் விதிவிலக்கு. துன்ஹுவாங் என்ற ஊரின் பழைய பௌத்தக் குகை ஓவியங்களைப் பார்த்து உடையும் நகையும் செய்திருக்கிறார்கள், சில காட்சிகளை நிறுத்திவைத்துப் பார்க்கலாம்.

இந்தத் தேர்வுக் கூடத்துக்கு வெளியே நிற்கும் ஒரு தொடரும் உண்டு. 'லாஸ்ட் யூ ஃபாரெவர்', 2023-இலும் 2024-இலுமாக இரண்டு பகுதிகள். அதே 'மலை கடல் நூல்' சொல்லும் இன்னொரு மிருகம் ஷியாங்லியு: ஒன்பது தலைப் பாம்பு, அதன் ரத்தம் சிந்திய மண்ணில் பயிர் விளையாது. தொடரில் அவன் வெள்ளை முடிக்காரன், தோற்கப் போவது தெரிந்தே ஒரு சிறு படைக்குத் தளபதியாக இருப்பவன். நாயகியைக் காதலிக்கிறான், சொல்லவில்லை, அவளுக்காகச் செய்ததெதையும் காட்டிக்கொள்ளவும் இல்லை, போர்க்களத்தில் செத்துப்போகிறான். அவனுக்குக் கண்டம் கழியவில்லை, பதவி வரவில்லை. அந்த வாரம் ரசிகைகள் துக்கம் அனுஷ்டித்தார்கள். நானும்தான்.

பழைய நாட்டார் கதைகளிலும் இப்படித்தான், காதலுக்கு மதிப்பெண் கிடையாது. நெசவுத் தேவதையும் மாடு மேய்ப்பவனும் சேர்ந்து வாழ்ந்ததற்காக அரசி அன்னை கொண்டை ஊசியால் வானத்தில் ஒரு கோடு கிழித்தாள், அதுதான் பால்வெளி. நாம் அபிஜித், திருவோணம் என்று சொல்லும் இரண்டு நட்சத்திரங்களும் அதன் இரு கரையில் நிற்கின்றன. ஏழாம் மாதம் ஏழாம் நாள் மட்டும் மேக்பை பறவைகள் பாலம் கட்டும், சந்தித்துவிட்டுப் பிரிய வேண்டும். தண்டனை தண்டனைதான், யாரும் அதைச் சோதனை என்று பூசி மெழுகவில்லை.

வெள்ளைப் பாம்பு கதை இன்னும் சுவாரசியம். ஆயிரம் வருஷம் தவம் செய்து பெண்ணுருப் பெற்ற பாம்பு, ஹாங்சோவின் மேற்கு ஏரிக்கரையில் குடை இரவல் கொடுத்த ஒரு மருந்துக்கடைப் பையனைக் கட்டிக்கொள்கிறாள். ஃபாஹாய் என்ற துறவி அவளைப் பிடித்து லெய்ஃபெங் கோபுரத்தின் அடியில் போடுகிறார். 1624-இல் ஃபெங் மெங்லோங் அச்சிட்ட கதை அதோடு சரி; பாம்பு உள்ளே, கோபுரம் மேலே. ஆனால் மக்களுக்கு மனசு கேட்கவில்லை. மேடை நாடகக்காரர்கள் அவளுக்கு ஒரு மகனைச் சேர்த்தார்கள். 18-ஆம் நூற்றாண்டு வடிவத்தில் அந்தப் பையன் வளர்ந்து, தலைநகருக்குப் போய், அரசுத் தேர்வில் நாட்டிலேயே முதலாவதாக வந்து, அந்தக் கௌரவத்தோடு கோபுரத்தின் முன்னால் விழுந்து வணங்கி அம்மாவை மீட்கிறான். 1992-இல் தைவானில் எடுத்த தொடரிலும் அதே முடிவுதான். அதில் கணவனாகவும் மகனாகவும் நடித்தது யே தோங் என்ற ஒரே நடிகை.

அந்தக் கடைசி அத்தியாயத்தை இணையத்தில் தேடிப்பிடித்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "இங்கயும் பரீட்சைதானா?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பரவால்ல, இந்தப் பிள்ளையாவது அம்மாவுக்காக எழுதுச்சு" என்றார்.

கோபுரம் நிஜத்தில் இருந்தது. 10-ஆம் நூற்றாண்டில் கட்டியது. அதன் செங்கல் வீட்டில் இருந்தால் நோய் அண்டாது, பிள்ளை பிறக்கும் என்று சனங்கள் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே போனதில் 1924 செப்டம்பர் 25-ஆம் தேதி மத்தியானம் தானே சரிந்து விழுந்தது. பாம்பு தப்பித்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. 2002-இல் அதே இடத்தில் புதிதாகக் கட்டிவிட்டார்கள். இப்போது மேலே ஏற லிஃப்ட் இருக்கிறது.